வீணை எதில் நிஜமாக ஒலிக்கிறது: இசைத்தட்டா, டிஜிட்டலா?

வாசகரின் கேள்வி, 14 அக்டோபர் 2023

எல்.பி. தட்டில் வீணையைக் கேட்டால் வாசிப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அதே ஒலிப்பதிவை சி.டி.யில் கேட்டால் அந்த உணர்வு வருவதே இல்லை. டிஜிட்டல் என்பது ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி மீண்டும் ஒட்டுவதுதானே. ஒட்டியது எப்படி முழுமையாகும்? வீட்டில் நிஜமான ஒலி வேண்டுமென்றால் ஒலியலையை எண்ணாக்காமல் அலையாகவே பதியும் அனலாக்தான் ஒரே வழி என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

15 அக்டோபர்

என் பதில் இது. முதலில் வெட்டி ஒட்டும் கதையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. சி.டி. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. அளவுகளுக்கு இடையில் இருந்ததெல்லாம் தொலைந்துபோகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஒரு சிக்னலில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்துவிட்டால், அந்த மாதிரிகளிலிருந்து மூல அலையை எதுவும் விடுபடாமல் திரும்பப் பெற முடியும் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-லேயே கணித முறையில் நிறுவிவிட்டார். 22,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிக்கு 44,100 போதும்; நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு 15,000-க்கு மேல் கேட்பதே அரிது. விளம்பரப் படங்களில் காட்டும் படிக்கட்டு வடிவ அலை கருவியின் வெளிவாயில் இருப்பதில்லை. அங்கே வருவது வழவழப்பான, தொடர்ச்சியான மின்னலைதான்.

மற்ற அளவுகளிலும் போட்டியே இல்லை. ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறிக்கும் சி.டி.யில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும், நல்ல எல்.பி.யில் 60 முதல் 70 வரை கிடைத்தால் பெரிது. தட்டில் இடது, வலது பக்க ஒலிகள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். ஓரத்தில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது இருபதுக்குச் சற்று மேலே வந்து நிற்பதால் கடைசிப் பாட்டில் ச, ஷ எழுத்துகள் சீறும்.

இத்தனை இருந்தும், நண்பருக்குத் தட்டில் வீணை நிஜமாகக் கேட்டது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் சில தட்டுகளில் அப்படிக் கேட்டிருக்கிறது. அவர் சொல்லும் காரணம்தான் பொருந்தவில்லை.

15 அக்டோபர், இரவு

விட்டுப்போன ஒன்று. நீங்கள் ஒப்பிட்ட தட்டும் சி.டி.யும் ஒரே மாஸ்டரிலிருந்து, அதாவது பிரதிகள் எடுக்கும் ஒரே மூலப்பதிவிலிருந்து, வந்தவையா?

என்னிடம் எழுபதுகளில் வெளிவந்த ஒரு வீணைக் கச்சேரி தட்டாகவும் இருக்கிறது, பிற்காலத்து சி.டி.யாகவும் இருக்கிறது. சி.டி.யை வெளியிட்டவர்கள் பழைய டேப்பின் இரைச்சலைப் போக்க வடிகட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். இரைச்சலோடு தம்புராவின் ரீங்காரமும் போய்விட்டது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் நூலால் எழுகிற அந்த மெல்லிய சுருள் ஒலி முழுவதும் மேல் ஸ்வரங்களால் ஆனது. அது இருக்கும் இடமும் டேப் இரைச்சல் இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றேதான். வீணையில் மீட்டு விழும்போது நகம் தந்தியில் படும் சத்தமும் கூடவே மழுங்கிப்போயிற்று. தட்டில் இவை எல்லாம் இருக்கின்றன, பொரிகிற சத்தத்தோடு. இந்தச் சி.டி.யைக் கேட்டுவிட்டு ஒருவர் டிஜிட்டலை வெறுத்தால் அவர் மீது எனக்குக் கோபம் வராது. ஆனால் அந்தக் குற்றம் வடிகட்டியைத் திருகிய கையைச் சேர்ந்தது.

18 அக்டோபர்

'நிஜம்' என்று எதைச் சொல்கிறோம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விவாதத்தின் நடுப்புள்ளி அதுதான்.

சபாவில் நாம் கேட்பது ஸ்பீக்கர் வழியாக வரும் ஒலி. வயலினிலும் வீணையிலும் காண்டாக்ட் மைக் ஒட்டியிருக்கிறது, மிருதங்கத்துக்கு இருபுறமும் மைக், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவரின் ரசனை வேறு. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்ட மிருதங்கத்தை வைத்து வீட்டு ஸ்பீக்கரை எடை போட்டால், ஒரு ஸ்பீக்கரை இன்னொரு ஸ்பீக்கரோடு ஒப்பிடுகிறோம் என்றே பொருள். எனக்கு நிஜம் என்பது மைக் இல்லாமல் கேட்டது: கோயில் மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும், தெரிந்தவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்ட வீணை. வீணை எவ்வளவு சிறிய ஒலி என்பது அப்படிக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் வீணை வாயிற்கதவு அளவுக்குப் பெரிதாக இருக்கிறது, வீட்டிலோ அதை இன்னும் உரக்க வைத்துக் கேட்கிறோம். சப்தத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதி நிஜம் அங்கேயே திரும்பி வந்துவிடும்.

காது எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு எடிசன் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டுகள் ஊர் ஊராக நடத்திய காட்சிகளே சாட்சி. மேடையில் பாடகர் நிற்பார், அருகில் டயமண்ட் டிஸ்க் என்ற தட்டுக்கருவி சுழலும், விளக்கு அணையும். பாடுவது மனிதரா, தட்டா என்று கூட்டத்தால் சொல்ல முடியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. மைக்ரோஃபோனே இல்லாமல், கூம்புக்குள் பாடிப் பதிந்த தட்டுகள் அவை! பாடகர்கள் தங்கள் குரலைத் தட்டின் அளவுக்கு அடக்கிப் பாடினார்கள் என்பது இதில் பாதி ரகசியம். அன்னா கேஸ் என்ற பாடகியே பல ஆண்டுகளுக்குப் பின் அதை ஒப்புக்கொண்டார்.

1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் அக்கௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் இதையே நேர்மையாகச் செய்தது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் வயலின் குழு மேடையில் வாசிக்கும், நடுநடுவே வாசிப்பை நிறுத்திவிட்டு வில்லை மட்டும் அசைக்கும், அப்போது ஏ.ஆர்.3 ஸ்பீக்கர்கள் டேப்பிலிருந்து ஒலிக்கும். மாறிய இடம் பலருக்குப் பிடிபடவில்லை. அது முழுக்க அனலாக் டேப் என்பதை அனலாக் அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வெற்றி பெற்றது அரங்கின் எதிரொலி கலக்காமல் பதிந்த முறை. ஒலி ஒருமுறைதான், அந்த அரங்கில் மட்டும்தான், எதிரொலித்தது. நம் வீட்டிலோ பதிவான கூடத்தின் எதிரொலி ஒன்று, நம் கூடத்தின் எதிரொலி ஒன்று என்று இரண்டும் சேர்ந்துதான் கேட்கும்.

22 அக்டோபர்

தட்டின் குறை என்றால் எல்லாரும் பொரிச்சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். கர்நாடக இசைக்கு அதைவிடக் கெட்டது ஒன்று இருக்கிறது: நடுத்துளை.

துளை சரியான நடுவில் இல்லாமல் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுற்றும்போது முள் உள்ளும் வெளியுமாக அலைவது கண்ணுக்கே தெரியும். லேபிளுக்கு அருகில், நடுவிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தூரத்தில் பாட்டு ஓடும்போது, பள்ளத்தின் வேகம் 0.8 சதவீதம் கூடியும் அதே அளவு குறைந்தும் போகும். சுருதிக் கணக்கில் மேலே 14 சென்ட், கீழே 14 சென்ட். ஓர் அரைஸ்வரம் 100 சென்ட். 22 சுருதிக் கணக்கில் மிகச் சிறிய இடைவெளியான பிரமாண சுருதி 21.5 சென்ட். ஆக, 1.8 நொடிக்கு ஒரு சுற்று வீதம் தம்புராவே ஒரு பிரமாண சுருதிக்கு மேல் ஏறி இறங்கும். பியானோ கேட்பவர்கள் இதைப் புகாராகச் சொல்வார்கள். ஆதார ஷட்ஜத்தின் மேல் உட்கார்ந்து கேட்கிற நாம் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. ஜப்பானின் நகமிச்சி நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் இதற்காகவே, தட்டின் நடுவைத் தானே தேடி நகர்த்திச் சரிசெய்யும் டி.எக்ஸ்.1000 என்ற டர்ன்டேபிளைச் செய்தது. அதை வாங்கும் விலையில் அந்தக் காலத்தில் வீட்டுக்கே வீணை வித்வானை வரவழைத்திருக்கலாம்.

23 அக்டோபர்

"இதையெல்லாம் யார் கேட்கிறார்கள், கணக்கில்தான் இருக்கிறது" என்று கோவை நண்பர் எழுதியிருக்கிறார். பிருகாக்கள் பொழியும் இடத்தில் கேட்காதுதான். ஆலாபனை தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் கேளுங்கள், அல்லது தார ஷட்ஜத்தில் பாடகர் நீண்டு நிற்கும்போது கேளுங்கள். இது எல்லாத் தட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; துளை சரியாக விழுந்த தட்டில் ஷட்ஜம் அசையாமல் நிற்கும். ஓரத்துப் பள்ளங்களில் விளைவு பாதிக்கும் குறைவு.

29 அக்டோபர்

தட்டில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றை டிஜிட்டலால் பிடிக்கவே முடியாது என்று மூன்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும், நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முள்ளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்பிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு கிளை நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மற்றொன்று ஒரு ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் போய் 16 பிட், 44,100 எண்களாக மாறி, மீண்டும் அனலாக்காகி ஆம்ப்ளிஃபயருக்கு வரும். இரண்டின் அளவையும் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, சோதனைத் தட்டின் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு சமன்செய்தேன். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் சோதனையே வீண், ஏனென்றால் அரை டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது 'உரக்க இருக்கிறது' என்று சொல்லாது, 'உயிரோட்டமாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். ஸ்விட்சை என் மகள் கையில் கொடுத்து, எனக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன்.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீணையை விரும்பிக் கேட்பவரும், தட்டைத் தவிர வேறெதையும் தொடாதவருமான என் மைத்துனருக்கும் தெரியவில்லை, ஆனால் அவர் ஸ்விட்சைக் குறை சொன்னார். தட்டின் இதமும், பொரிச்சத்தமும், வீணை முன்னே வந்து நிற்கும் தன்மையும் எண்களுக்குள் போய் அப்படியே திரும்பி வந்தன. தட்டு எதையோ சேர்க்கிறது. அந்தச் சேர்மானத்தை டிஜிட்டல் விசுவாசமாகச் சுமக்கிறது. மறுபுறம், டிஜிட்டலின் அமைதியை எந்தத் தட்டாலும் சுமக்க முடியாது.

31 அக்டோபர்

கோவை நண்பர் மீண்டும், இம்முறை கூர்மையாக. நேரடிக் கிளையும் டிஜிட்டல் கிளையும் ஒன்றுபோலக் கேட்கலாம். ஆனால் தாம் தட்டிலிருந்து கணினியில் பதிந்து வைத்த கோப்பைப் பிறகு கேட்டால் அது வறண்டு கேட்கிறதே, ஏன் என்கிறார்.

பதியும்போது ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தீர்களா? பெரும்பாலோர் அப்படித்தான் செய்வோம். ஸ்பீக்கர் ஒலிக்கும்போது அந்த அதிர்வு காற்று வழியாகவும், தரை, மேசை வழியாகவும் தட்டுக்கும் முள்ளுக்கும் திரும்பிப் போகிறது. முள் அதையும் படித்துச் சிறிது தாமதத்தோடு ஒலியில் கலக்கிறது. அளவு மிஞ்சினால் ஊளையிடும், மிஞ்சாதவரை அது ஒரு மெல்லிய எதிரொலி. ஸ்பீக்கர் அணைந்திருக்கையில் பதிந்த கோப்பில் அது இருக்காது. என் வீட்டில் ஒரே தட்டை ஸ்பீக்கரை ஒலிக்கவிட்டு ஒருமுறையும், அணைத்துவிட்டு ஒருமுறையும் பதிந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். முதல் பதிவில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஒலி சற்றுப் பருத்து, கூடம் ஒன்று சுற்றி இருப்பது போல் இருந்தது. எனக்கே அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை. 'வாசிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்' என்று முதல் நண்பர் சொன்னதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்: நம் கூடமே ஒலியில் கலந்து வருகிறது.

ஆகவே 29-ஆம் தேதிக் குறிப்பில் தட்டு சேர்க்கும் 'எதையோ' என்று சொன்னதில் டர்ன்டேபிள் நிற்கும் மேசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர்

ஒரு செய்தி, சிரிக்க விரும்புவோருக்கு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் மூல டேப்பிலிருந்து செய்வதாகப் பெயர் பெற்ற விலையுயர்ந்த தட்டுகளை விற்றுவந்தது. பலவற்றில் டேப்புக்கும் தட்டுக்கும் நடுவே டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் படி இருந்தது 2022-இல் வெளியே வந்தது. வழக்கு, இழப்பீடு எல்லாம் ஆயிற்று. அதற்கு முன் பல ஆண்டுகள் அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்த காதுகள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

9 நவம்பர்

அறையைப் பற்றி யாரும் பேசாததால் நானே பேசுகிறேன்.

நம் ஊர் அடுக்குமாடி வீடு: நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், மூலையில் இரும்பு பீரோ. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால் சுவருக்குச் சுவர் துள்ளும் ஒலி கேட்கும். அந்த அறையில் எதைப் போட்டாலும் மிருதங்கத்தின் சாப்பு இரட்டையாகத்தான் விழும். மரவீடும் கம்பளமும் உள்ள நாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டு நாம் ஸ்பீக்கர் வாங்குகிறோம். புத்தக அலமாரி ஒன்று, தடித்த திரைச்சீலை, கீழே ஜமக்காளம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைப்பது: முள் பொருந்திய கார்ட்ரிட்ஜை மாற்றியபோதும், எண்களை ஒலியலையாக்கும் டி.ஏ.சி.யை மாற்றியபோதும் கிடைக்காத மாற்றம் எனக்கு இவற்றில்தான் கிடைத்தது. அதன் பிறகுதான் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

மின்விசிறி இன்னொன்று. அது ஓடும் அறையில் 40 டெசிபல் இரைச்சல் எப்போதும் இருக்கும். உச்ச ஒலி 100 டெசிபல் என்றாலே பக்கத்து வீட்டுக்காரர் மணியடிப்பார். மிச்சம் 60. அவ்வளவு இடைவெளியைத் தட்டே கொடுத்துவிடும்! முதல் குறிப்பில் 96 என்று பெருமையாகச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏப்ரல், மே மாதங்களில் விசிறி தின்றுவிடுகிறது. எனவே இரைச்சல் கணக்கைக் காட்டித் தட்டுக்காரர்களை மடக்குவதை நான் நிறுத்திக்கொள்கிறேன். சுருதிக் கணக்கு மட்டும் நிற்கட்டும், அதை விசிறியால் மறைக்க முடியாது.

12 நவம்பர்

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் தட்டுக்கு நிகர் ஆகுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. 2007-இல் மேயர், மொரான் என்ற இருவர் சி.டி.யைவிட உயர்தரமான எஸ்.ஏ.சி.டி. வட்டின் ஒலிக்கு நடுவே சி.டி. தரத்துப் படி ஒன்றைச் செருகி, கேட்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276, அதாவது காசைச் சுண்டிவிட்டுச் சொன்னதற்குச் சமம். 2016-இல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் அதுவரை வந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரி என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் சுமார் 60 சதவீதத்தை எட்டின. வித்தியாசம் பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காசைத் திரைச்சீலைக்குச் செலவழியுங்கள்.

26 நவம்பர்

புதிய திரையிசையைத் தட்டில் வாங்கினால் நிஜமாக இருக்குமா என்கிறார் ஒருவர். தொண்ணூறுகளுக்குப் பிறகு சி.டி.க்களை ஒன்றைவிட ஒன்று உரக்க வெட்டும் போட்டி நடந்தது. மெல்லிய ஒலியை எல்லாம் தூக்கி, உச்சங்களை மொட்டையடித்தார்கள். தபலாவின் விரலடிக்கும் பின்னணி வயலின் கூட்டத்துக்கும் அளவில் வேறுபாடு இல்லாமல் போனால் காது அரைமணியில் களைத்துவிடும். அப்படி மொட்டையடித்த ஒலியை முள்ளால் வெட்டுவது கடினம் என்பதால் தட்டுக்கென்று தனி மாஸ்டர் செய்பவர்கள் உண்டு. அப்போது தட்டு நன்றாக இருக்கும். சி.டி. மாஸ்டரையே கொஞ்சம் தணித்துத் தட்டில் ஏற்றுபவர்களும் உண்டு. அப்போது கூடுதல் விலைக்குப் பொரிச்சத்தம்தான் மிச்சம். உறை மேல் எதுவும் எழுதியிருப்பதில்லை.

17 டிசம்பர்

மார்கழி பிறந்துவிட்டதால் கேசட்டுக்கு வருகிறேன். என் வீட்டில் இருப்பவற்றில் மிக நிஜமாக ஒலிப்பது எது என்று கேட்டிருந்தார்கள். எண்பதுகளில் ஒரு சிறிய கூடத்தில், யாரோ ஒரு ரசிகர் ஒற்றை மைக்கை முன்வரிசையில் வைத்துப் பதிந்த கேசட்டின் கணினிப் பிரதி. இரைச்சல் கொட்டுகிறது, மோனோதான், 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஆனால் யாரும் மிக்ஸரைத் தொடவில்லை, உச்சத்தை மொட்டையடிக்கவில்லை. பாடகர் சாகித்யத்தை எடுத்துக்கொடுக்க மிருதங்கக்காரர் வலப்புறத்தில் ஒரு தட்டு தட்டிச் சுருதி பார்ப்பதும், முன்வரிசையில் ஒருவர் தாளம் போடுகையில் தொடையில் விழும் கையும், குரல் மைக்கை விட்டுத் திரும்பும்போது மங்குவதும் அதில் இருக்கின்றன. அனலாக்கில் பிறந்து டிஜிட்டலில் வாழ்கிற அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று இருதரப்பாரும் பேசி முடிவு செய்யலாம்.

19 டிசம்பர்

அப்பாவின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று மதுரையிலிருந்து கேட்டவருக்கு. பதிந்த கருவியில் டேப்பைத் தொடும் முனையான ஹெட்டின் சாய்வும் உங்கள் கருவியின் சாய்வும் பெரும்பாலும் ஒத்திருக்காது. டெக்கில் ஹெட்டின் ஒரு பக்கம் இருக்கும் சிறு திருகைக் காந்தம் ஏறாத திருப்புளியால் மெல்லத் திருப்பி, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தி, தம்புராவின் ரீங்காரம் எங்கே அதிகம் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். உறையில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைக் குறித்திருந்தால் மட்டும் அந்தப் பொத்தானைப் போடுங்கள், குறிக்காத கேசட்டில் போட்டால் ஒலி மூடிக்கொள்ளும். பூஞ்சை வெள்ளையாகத் தெரியும் கேசட்டைத் துடைக்காமல் ஓடவிடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றிக்கொள்ளும். 24 பிட்டில் பதிந்து, எந்த வடிகட்டியும் போடாத ஒரு பிரதியை அப்படியே எடுத்து வையுங்கள். இரைச்சலை நீக்குவதாக இருந்தால் வேறொரு பிரதியில் செய்து பாருங்கள், அதுவும் கைக்கு அடக்கமாக.